அடுப்படிக்குத் தெரியாத பெயர்

வெயிலுமுத்து கடலில் விழுந்து செத்து, சேதி வந்து, நாங்கள் தொண்டை கட்டுகிற வரைக்கும் அழுது, உடம்பு கிடைக்காததால் தர்ப்பைப் புல்லில் ஓர் உடம்பு முடைந்து அதற்குக் கொள்ளி வைத்து, பதினாறாம் நாள் காரியமும் முடிந்து, சொந்தக்காரர்கள் எல்லாம் பஸ் ஏறிப் போன பிறகு, பங்குனி மாசத்து உச்சிவேளையில் அவன் திரும்பி வந்து உப்பு அம்பாரத்தின் மேல் உட்கார்ந்தான். பறவையாகத்தான் வந்தான். பருந்து பருமனுக்கு உடம்பு, தவிட்டு நிறத்தில் இறகு, மஞ்சள் கால். கழுத்துக்கு மேலே மட்டும் அவன் முகம், அதே மீசை, சின்ன வயசில் ரசம் தெறித்துக் கன்னத்தில் விழுந்த அதே தழும்பு. நாங்கள் பொம்பளைகள் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பாத்திக்குள் நின்று உப்பு வாரிக்கொண்டிருந்தோம். ஒருத்தியும் கத்தவில்லை. அந்த நேரத்தில் கத்துவதற்கு உடம்பில் தெம்பு வேண்டாமா?

"யாருட்டி இன்னைக்குக் கருவாட்டுக் கொழம்பு கொண்டாந்தது? புளி தூக்கல்" என்றான்.

அவனேதான், சந்தேகமே இல்லை. சரக்குக் கப்பலில் சமையல்காரனாக இருந்தவன், லீவில் வந்தால் தெருவில் நடந்துபோகும்போதே எந்த வீட்டுக் கொழம்பில் என்ன குறை என்று வாசத்திலேயே சொல்லி எல்லாரிடமும் ஏச்சு வாங்குகிறவன். அன்றைக்குப் புளியை அள்ளிப் போட்டது நான்தான். "செத்தும் நாக்கு அடங்கலையே ஒனக்கு" என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் எனக்கு அழுகை வந்தது.

வரிசையின் கடைசியில் நின்ற அவன் பெண்டாட்டி லிங்கக்கனி வாருபலகையைக் கரையில் வைத்தாள், தலைத்துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்தாள், அம்பாரத்தின் அடியில் போய் நின்று அண்ணாந்து பார்த்தாள்.

"வந்துட்டியளா?"

"வந்துட்டேன் புள்ள."

அவ்வளவுதான். நாங்கள் மறுபடி உப்பு வாரப் போனோம். அந்தப் பாத்தியை முடிக்காமல் விட்டிருந்தால் கங்காணி எங்களை உரித்துத் தொங்கவிட்டிருப்பார்.

எங்கள் கீழத்தருவை தூத்துக்குடிக்குத் தெற்கே, கிழக்கே கடலும் மேற்கே உடைமரக்காடுமாக, நடுவில் கண் எட்டுகிற மட்டும் உப்பளமாக, பகலில் வெள்ளை வெளேரென்று கண்ணைக் கூச வைத்துக்கொண்டு கிடக்கிற ஊர். வருசா வருசம் ஆடி அமாவாசைக்கு இலையில் சோறு வைத்து, காகா என்று கத்தி, வந்து கொத்துகிறது தாத்தாவா மாமனாரா என்று தெரியாமலே கும்பிட்டுவிட்டுப் போகிற எங்களுக்கு, முகத்தோடு வந்த ஒருத்தனை ஏற்றுக்கொள்வதில் என்ன கஷ்டம்? கங்காணி அய்யாக்குட்டி வந்து பார்த்துவிட்டு, "உப்புல எச்சம் போட்டுறாத மாப்ள" என்று மட்டும் சொன்னார். நாவிதர் வந்து மீசையை ஒதுக்கிவிட்டுப் போனார், கையில்லாதவன் பாவம் என்ன செய்வான். பொம்பளைகள் கிண்ணத்தில் கொழம்பைக் கொண்டுவந்து மூக்குக்கு நேரே காட்டி, உப்புப் பதமா, காரம் போதுமா என்று கேட்டுக்கொண்டு போனார்கள். காக்கைகளுக்குத்தான் பிடிக்கவில்லை. தங்கள் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது என்று கரண்டுக் கம்பியில் வரிசையாக உட்கார்ந்து கரைந்து தீர்த்தன.

மத்தியானம் வருவான், பொழுது சாய்வதற்குள் மேற்கே பறந்துவிடுவான். உடம்பு கிடக்கிற இடத்துக்கு ராத்திரி திரும்பியாக வேண்டுமாம். "அம்புட்டுத் தூரம் எப்படிலே போயிட்டு வாரே?" என்று கேட்டதற்கு, "செத்தவனுக்குத் தூரம் ஏதுக்கா?" என்றான்.

எங்கே கிடக்கிறான், என்ன ஆனான் என்பதையெல்லாம் சாப்பாட்டு நேரத்தில், ஓலைக்கொட்டகையின் விட்டத்தில் உட்கார்ந்துகொண்டு அவனேதான் சொன்னான். கப்பல் எகிப்து தேசத்துக் கரையை ஒட்டிப் போகும்போது தவறி விழுந்திருக்கிறான். கரை ஒதுங்கிய உடம்பை அந்த ஊர்ச் செம்படவர்கள் மணலில் புதைத்துவிட்டார்கள். யார் எவர் என்று தெரியாததால் பேர் கிடையாது, அடையாளக் கல் கிடையாது. அந்த மணலுக்குள் படுத்தவன் எந்தச் சாதி சனமானாலும், எந்தச் சாமியைக் கும்பிட்டவனானாலும், அந்த மணலின் பழைய சட்டத்துக்குக் கட்டுப்பட்டாக வேண்டுமாம்.

"நரித்தலைக்காரரு ஒருத்தரு வந்தாரு. ரொம்ப மரியாதையான ஆளு. என்னை எடுத்து உப்புல போட்டு வச்சாரு. நம்ம உப்பு இல்லக்கா, ஏரி உப்பு, லேசாக் கசக்கும். பொறவு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயி வரிசையில நிப்பாட்டுனாரு. எனக்கு முன்னாடி நின்னவனுக்குப் புருவமே இல்ல. வீட்டுப் பூனை செத்த துக்கத்துக்குச் செரச்சுக்கிட்டானாம், அந்தப் பூனையையும் துணியில சுத்திக் கக்கத்துல வச்சிருந்தான். எனக்கு நெஞ்சு மேல வைக்க ஒரு கல்வண்டு கூடக் கெடையாது."

"கல்வண்டா?"

"சாணி உருட்டுற வண்டுக்கா. கல்லுல செஞ்சு நெஞ்சு மேல வச்சு அனுப்புவாக. நெஞ்சு நம்மளக் காட்டிக்குடுக்காம இருக்க. எனக்கு வைக்க ஆளில்ல, அதனால எந்நெஞ்சு எல்லாத்தையும் ஒளறிட்டு. கேப்டனுக்கு வச்சிருந்த மீன்தலைய நான் தின்னது வரைக்கும்."

தராசின் ஒரு தட்டில் அவன் நெஞ்சு, மறு தட்டில் ஓர் இறகு. தராசுக்குக் கீழே முதலை வாயும் சிங்க நெஞ்சும் நீர்யானைப் பின்பக்கமுமாக ஒரு பிராணி, எலும்புக்குக் காத்திருக்கிற நாய் மாதிரி உட்கார்ந்திருந்ததாம். நெஞ்சு கனத்தால் அதற்குத் தீனி. எங்கள் வெயிலுமுத்துவின் நெஞ்சு கனக்கவில்லை. மீன்தலை தின்ற பாவத்தோடு சேர்த்தும் இறகுக்குச் சமமாக நின்றது. அதைக் கேட்டபோது கொட்டகையில் இருந்த எல்லாருக்கும், என்னமோ எங்கள் பிள்ளை பரீட்சையில் பாஸான மாதிரி இருந்தது.

"அப்புறம் என்னலே, உள்ள போக வேண்டியதுதானே?"

அங்கேதான் சிக்கல். வாசலில் அரிவாள்மூக்கன் பறவையின் தலையோடு ஒருத்தர் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறாராம். யார் இவன், இவனைப் பேர் சொல்லிக் கூப்பிட ஆள் உண்டா என்று அவர் கேட்டாராம். கையும் காலும் போல பேரும் ஓர் உறுப்பாம் அந்த ஊரில். பேரில்லாதவன் தலையில்லாதவன். தன் பேரைத் தானே சொன்னால் செல்லாது. "கதவிடுக்குல எட்டிப் பாத்தேன்க்கா. ஒரே தண்ணியும் கோரையுமா, ஆளொசரக் கதிரா, குளுகுளுன்னு கெடக்கு. அடுப்பு எரியுது. யாரோ என்னமோ வதக்குதாக, வெங்காயம் கருகுது, போயிக் கிளறிவிட முடியல." முகம் வாடிப்போனது அவனுக்கு. "அவுக சொல்லுதது எனக்கு எப்படியோ வெளங்கிருது, நம்ம பேச்சுப் பேசத்தான் ஒரு ஆளு கெடையாதுக்கா அங்க. நரித்தலைக்காரரு பாவம், எல்லாங் கேப்பாரு, ஒண்ணும் பேசமாட்டாரு."

யார் யாரோ தங்கள் அப்பனைப் பார்த்தாயா, அம்மையைப் பார்த்தாயா என்று கேட்க நினைத்திருந்தவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். நம் ஆட்கள் யாரும் அந்த வாசலுக்கு வரமாட்டார்கள். செத்தும் வெளியூரில் தனியாளாக நிற்கிறான் என்பது அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

கூப்பிடத்தானே வேண்டும், அதற்கென்ன பஞ்சம் என்று ஊர் கிளம்பியது. ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயில் கொடைக்கு மைக் கட்டுகிறவர் வந்து, மேற்கே பார்த்துக் குழாயைக் கட்டினார். ஆண், பெண், பிள்ளை, குட்டி, அடுத்த அளத்தில் வேலை பார்க்கிற ஆட்கள் எல்லாம் கூடி நின்று "வெயிலுமுத்து! வெயிலுமுத்து!" என்று கத்தினோம். தருவைத் தண்ணீரில் மேய்ந்த நாரைகள் அத்தனையும் கிளம்பிப் போய்விட்டன. மத்தியானம் அவன் வந்தான், நெளிந்துகொண்டு உட்கார்ந்தான்.

"கேட்டுச்சு. அரிவாள்மூக்குக்காரரு தலைய ஆட்டிட்டாரு. ஊரு கூப்பிட்டாச் செல்லாதாம், வீடு கூப்பிடணுமாம். பேரு அடுப்படிக்குத் தெரிஞ்சிருக்கணுமாம்."

எல்லோரும் லிங்கக்கனியைத் திரும்பிப் பார்த்தோம். பிள்ளை குட்டி இல்லை, அப்பன் ஆத்தாள் இல்லை. அவன் வீடு என்றால் அவள் ஒருத்திதான்.

எங்கள் பக்கத்தில் பொம்பளைகள் புருசன் பேரைச் சொல்ல மாட்டோம். ரேஷன் கடையில் கேட்டால் பக்கத்தில் நிற்கிறவளை இடித்துச் சொல்லச் சொல்லுவோம். அந்தப் பேர் வருகிற வார்த்தையைக்கூடத் தொட மாட்டோம். லிங்கக்கனி இருக்கிறாளே, அவள் இதில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டவள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து வெயில் என்ற வார்த்தையை அவள் சொல்லி யாரும் கேட்டதில்லை. உப்பளத்தில் நின்றுகொண்டு, காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் மண்டையைப் பிளக்கிற அந்த ஒன்றைத் தவிர வேறு பேச்சே இல்லாத இடத்தில், "மேல காயுது மதினி", "இன்னைக்கு அது ஜாஸ்தி மதினி" என்றே காலத்தை ஓட்டியவள். நான் அவனுக்கு அக்கா முறை, அவளுக்கு மதினி.

"பேரச் சொன்னா புருசன் ஆயுசு கொறையும்பாகளே" என்று ஒருத்தி இழுத்தாள்.

"செத்தவனுக்கு என்னட்டி ஆயுசு?" என்று நான் எரிந்து விழுந்தேன்.

லிங்கக்கனி தலையைக் குனிந்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாள். கூச்சம், போகப் போகச் சொல்லிவிடுவாள் என்று ஊர் விட்டுவிட்டது. வெயிலுமுத்து ஒரு தடவைகூட அவளைக் கேட்கவில்லை. உயிரோடு இருந்தபோது கேட்டிருக்கிறான். கப்பலில் இருந்து போனில் பேசும்போதெல்லாம், "ஒரே ஒரு மட்டம் எம்பேரச் சொல்லு புள்ள. இங்க எல்லாவனும் குக்கு குக்குங்கானுவ, எம்பேரு எனக்கே மறந்துரும் போலருக்கு" என்று கெஞ்சுவானாம். அவள் சிரித்துவிட்டுப் போனை வைத்துவிடுவாளாம்.

அதன் பிறகு அவர்கள் இருந்த இருப்பை என்னவென்று சொல்வது? சாப்பாட்டு மணி அடித்ததும் அவள் தூக்குவாளியை எடுத்துக்கொண்டு அம்பாரத்தின் நிழலுக்குப் போய்விடுவாள். ஒரு கவளம் அவன் வாயில், ஒரு கவளம் தன் வாயில். அவன் குறை சொல்லுவான், அவள் சண்டை போடுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வீட்டுக் கூரையில் வந்து உட்கார்ந்துகொண்டு, இப்போ கடுகைப் போடு, இப்போ தீயைக் குறை என்று மேலே இருந்தே சொல்லிக்கொடுப்பான். அவள் வீட்டிலிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது அப்போதுதான். எனக்கு வேலி ஓலைக்கு இந்தப் பக்கம் இருந்து கேட்கச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது, ஏனென்றால் அவன் முகத்தில் இறகு முளைக்க ஆரம்பித்திருந்தது.

முதலில் காது மறைந்தது. அப்புறம் நெற்றி. ஒருநாள் பார்க்கிறேன், கன்னத்துத் தழும்பு இருந்த இடத்தில் பஞ்சு மாதிரி தவிட்டு இறகு. பேரில்லாமல் வாசலில் நிற்கிறவன் கொஞ்சம் கொஞ்சமாகப் பறவையாகவே ஆகிவிடுவான், முகம் முழுசும் மூடினால் தான் யார், தன்னுடையவள் யார் ஒன்றும் தெரியாது என்று அவனே சொல்லியிருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை. நேரே அவள் வீட்டுக்குப் போனேன்.

"ஏளா, ஒனக்கு அப்படி என்ன கூச்சம்? அவன் மொகத்தப் பாக்கியா இல்லையா? ஒரு வார்த்த சொன்னா என்ன கொறஞ்சு போவே?"

அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். "கூச்சம் இல்ல மதினி" என்றாள். "கூப்பிட்டா கதவு தொறந்துரும். தொறந்தா உள்ள போயிருவாக. உள்ள போனவுக வெளிய வரமாட்டாகளாம்."

நான் வாசல்படியில் உட்கார்ந்தேன்.

"கல்யாணம் ஆனதுலேருந்து அவுக கப்பல்லயே கெடந்தாக. நான் இங்கன தனியா ஒலை வச்சு, தனியாத் தின்னு, தனியாப் படுத்தேன். தெருவுல ஒவ்வொரு வீட்டுலயும் ஆம்பளை இருமுற சத்தங் கேக்கும், எங்க வீட்டுல கேக்காது. இப்பத்தான் மதினி தெனமும் வாராக. மொகம் போனாப் போட்டும். பறவையா இருந்துட்டுப் போறாக. ஒரு கோழிய வளத்தாலும் வீட்டுக்கு ஒரு தொணதான?"

அதைக் கேட்டு எனக்குக் கோபமும் வந்தது, அவளைக் கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது. நான் என்ன பழக்கப்பட்ட ஆள்? ஏசத்தான் ஏசினேன். "பாவி, ஒனக்குத் தொண வேணுங்கதுக்கு அவன் மொகத்தத் திங்கியே" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து அடுப்படியில் உட்கார்ந்துகொண்டு, நானாக இருந்தால் கூப்பிட்டிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன்.

சித்திரை பிறந்து உப்பு நன்றாக விளைந்துகொண்டிருந்த ஒரு மத்தியானம் அவன் வந்து உட்கார்ந்தபோது கண்ணும் வாயும் மட்டும்தான் மிச்சம். மீசை போயிருந்தது. எங்கள் பக்கம் திரும்பவே இல்லை. அவனைச் சீண்டிப் பார்க்கலாம் என்றுதான் நான் அன்றைக்கு வேண்டுமென்றே கருவாட்டுக் கொழம்பில் புளியைக் கரைத்துக் கொட்டி, உப்பையும் அள்ளிப் போட்டு, வாயில் வைக்க விளங்காதபடி செய்துகொண்டு போயிருந்தேன். நாலு ஏச்சு ஏசட்டும், ஏசினால் இன்னும் அவன் உள்ளே இருக்கிறான் என்று அர்த்தம். ஒரு வாய் ஊட்டினேன்.

மென்றான், விழுங்கினான். "நல்லாருக்கு" என்றான்.

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன். லிங்கக்கனியின் கையில் இருந்த தூக்குவாளி கீழே விழுந்து சோறு உப்பில் கொட்டியது. அவன் அந்தச் சத்தத்துக்குத் தலையைச் சாய்த்து அவளைப் பார்த்தான். பஸ் ஸ்டாண்டில் வழி கேட்கிறவன் முன்பின் தெரியாத பொம்பளையிடம் கேட்பானே, அப்படி மரியாதையாகக் கேட்டான்.

"தாயி, எம்பேரு என்னன்னு ஒங்களுக்குத் தெரியுமா? வாசல்ல கேக்காக."

அங்கே நின்ற அத்தனை பேருக்கும் அவன் பேர் தெரியும். அத்தனை பேருக்கும் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. நான் கரையில் கிடந்த வாருபலகையை எடுத்து ஓங்கி எல்லாரையும் அடக்கினேன். அம்பாரத்தில் இருந்து உப்புத் தண்ணீர் சொட்டுகிறது மட்டும் கேட்டது.

லிங்கக்கனி வாயைத் திறந்தாள். காற்றுத்தான் வந்தது. "வெயி..." என்று தொடங்கி நிறுத்தினாள். அண்ணாந்து மேலே பார்த்தாள். இத்தனை வருசமாகத் தலைக்கு மேலே நின்றுகொண்டிருந்ததை, பேர் சொல்லாமலே தலையில் சுமந்ததை, கண் கூசக் கூசப் பார்த்தாள். பிறகு, சோறு வடித்து வைத்துவிட்டு ஏழு பாத்திக்கு அந்தப் பக்கம் நிற்கிற ஆளைக் கூப்பிடுகிற குரலில், அடிவயிற்றில் இருந்து கூப்பிட்டாள்.

"வெயிலுமுத்தூ! ஏ... வெயிலுமுத்தூ!"

முகத்தில் இருந்த இறகெல்லாம் பொலபொலவென்று கொட்டியது. நெற்றி வந்தது, காது வந்தது, மீசை வந்தது, கன்னத்துத் தழும்பு வந்தது. கல்யாணத்தன்று மணையில் உட்கார்ந்திருந்தபோது இருந்த முகம். அவன் அவளைப் பார்த்தான்.

"என்ன புள்ள?" என்றான்.

கூப்பிட்டால் என்ன என்று கேட்பான் என்பதை அவள் யோசித்தே இருக்கவில்லை. திணறிப் போனாள். மூக்கு ஒழுக, கன்னம் ஒழுக நின்றாள்.

"ஒண்ணுமில்ல" என்றாள். "சும்மாத்தான் கூப்புட்டேன்."

அவன் சிரித்தான். எங்கள் ஊரில் யாரும் போறேன் என்று சொல்ல மாட்டோம், வாரேன் என்றுதான் சொல்லுவோம். வாரேன் என்று சொன்னால் பொய்யாகிவிடும் என்று நினைத்தானோ என்னவோ, தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கிளம்பினான். பொழுது சாயக் காத்திருக்கவில்லை. உச்சிவேளையிலேயே உடைமரக்காட்டுக்கு மேலே, மேற்கே, சின்னதாகிச் சின்னதாகிப் போய்விட்டான். வெங்காயம் முழுசாகக் கருகுவதற்குள் போய்ச் சேர்ந்திருப்பான்.

அன்றைக்குச் சாயங்காலம் நான் வீட்டுக்குப் போய் எங்கள் வீட்டுக்காரரை "பிச்சையா" என்று கூப்பிட்டேன். மனுசன் டீயை மேலே ஊற்றிக்கொண்டார். என்ன கேடு வந்ததோ என்று பயந்து அடுப்படிக்கு ஓடிவந்து, "என்ன, என்ன" என்றார். ஒன்றுமில்லை, சும்மாத்தான் என்றேன். தெருவில் அன்றைக்குப் பல வீடுகளில் இதே கூத்து.

இப்போது அம்பாரத்தின் மேல் காக்கைதான் உட்காருகிறது. சாப்பாட்டு மணி அடித்ததும் லிங்கக்கனி தூக்குவாளியோடு அந்த நிழலுக்குப் போவாள். மேற்கே பார்த்து நின்று ஒரு தடவை கூப்பிடுவாள், "வெயிலுமுத்தூ!" வீடு கூப்பிடுகிற வரைக்கும் உள்ளே அவன் பேர் அழியாது என்று அவளுக்கு ஒரு நம்பிக்கை. கூப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் காதைக் கொடுத்துக்கொண்டு நிற்பாள். என்ன புள்ள என்று எங்கிருந்தாவது ஒரு சத்தம் வருமா என்று நாங்களும் சோற்றைப் பிசைகிறதை நிறுத்திவிட்டுக் கேட்போம். வராது. அப்புறம் அவள் திரும்பி வந்து பூட்ஸை மாட்டுவாள், தலைத்துண்டை இறுக்குவாள், வாருபலகையை எடுப்பாள்.

"வெயில் ஏறுது மதினி" என்பாள். "வாங்க."